நான்கு வாய் உண்டதும் வயிறு நிரம்பிவிடுகிறது: இது பசியின்மையா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024

எனக்கு வயது 49. பசி நன்றாகவே எடுக்கிறது. ஆனால் இரண்டு இட்லி உண்பதற்குள் விருந்து சாப்பிட்டவனைப்போல வயிறு திம்மென்று ஆகிவிடுகிறது. மூன்றாவதைப் பார்த்தாலே குமட்டுகிறது. கடையில் ‘கேஸ்’ மாத்திரை வாங்கிப் போட்டும் பயனில்லை. நான்கு மாதங்களில் ஐந்து கிலோ குறைந்துவிட்டேன். ‘வயசானா சாப்பாடு குறையத்தான் செய்யும்’ என்கிறார்கள் வீட்டில். இது பசியின்மைதானா?

பதில், 3 பிப்ரவரி, இரவு

இல்லை. பசி எடுக்காமல் இருப்பது ஒன்று. பசித்து, உட்கார்ந்து, சில வாய்களிலேயே வயிற்றில் இடம் தீர்ந்துவிடுவது வேறொன்று. நான் இந்த இரண்டாவது நிலையில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அதில் ஓராண்டு முழுவதும், போன இடத்திலெல்லாம் ‘பசிக்கவில்லை’ என்றே சொல்லிவந்தேன். பசிக்கவில்லை என்று சொன்னவனுக்குப் பசியைத் தூண்டும் டானிக் எழுதித் தந்தார்கள். டானிக் பசியைத் தூண்டியது. பசியோடு உட்கார்ந்து, ஐந்தாவது வாயில் எழுந்தேன்.

ஐந்து கிலோ குறைந்திருப்பது காத்திருக்கக் கூடாத செய்தி. இந்த வாரமே வயிற்று மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்போது சிக்குவது, மலம் தார்போலக் கறுத்துப் போவது, வாந்தியில் ரத்தம், ஓயாத வாந்தி, ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போங்கள். அதுவரை கீரை, காய்கறி என்று நார்ச்சத்தைக் கூட்டி, எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்த்து வாருங்கள்.

4 பிப்ரவரி

வயிறு ஏன் ‘நிரம்புகிறது’ என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. வெறும் வயிற்றின் கொள்ளளவு ஒரு சிறு டம்ளர் அளவுகூட இராது. நாம் உண்ணத் தொடங்கியதும் வேகஸ் என்னும் நரம்பின் கட்டளைப்படி இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து கொடுக்கிறது. அதனால்தான் ஒரு லிட்டரும் அதற்கு மேலும் உள்ளே போனாலும் நமக்கு இறுக்கம் தெரிவதில்லை. கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று முறை என்ற கணக்கில் சுருங்கிச் சுருங்கி உணவை அரைக்கிறது. இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிய துகளாக நொறுங்கியதைத்தான் வாயிற்கதவு சிறுகுடலுக்கு விடுகிறது. மேல்பகுதி தளராவிட்டாலும் இடம் தீர்ந்துவிடும். கீழ்ப்பகுதி அரைத்து அனுப்பாவிட்டாலும் தீர்ந்துவிடும். அந்த வாயிற்கதவு அடைபட்டிருந்தாலும், வெளியிலிருந்து வீங்கிய மண்ணீரலோ கட்டியோ வயிற்று நீரோ அழுத்தினாலும் அப்படியே. உணர்வு ஒன்று, காரணங்கள் பல. ‘கேஸ்’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டு மூடிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

6 பிப்ரவரி

ஒரு திருத்தம், அதுவும் அவசரமான திருத்தம். மூன்றாம் தேதி இரவு நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். மலச்சிக்கலுக்குச் சொல்லும் அறிவுரையைப் பழக்கத்தில் இங்கேயும் எழுதிவிட்டேன். வயிறு மெதுவாகக் காலியாகிறவர்களுக்கு நார் மேலும் தேங்கும். நாட்பட்டால் உள்ளேயே திரண்டு உருண்டையாகி வழியை அடைத்துவிடுவதும் உண்டு. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு புகைப்படம். அதைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

11 பிப்ரவரி

எனக்குச் சர்க்கரை நோய் வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. 2019ஆம் ஆண்டின் கடைசியில் இந்த முன்கூட்டிய நிறைவு தொடங்கியது. காலையில் உண்ட இட்லியின் வாசனை பிற்பகல் நான்கு மணி ஏப்பத்தில் வரும். அப்போதே அதன் பொருளை உணர்ந்திருக்க வேண்டும், உணரவில்லை.

2020இன் தொடக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்தார்கள். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு மேல் தண்ணீரைத் தவிர எதையும் தொடாதே என்றார்கள், அப்படியே இருந்தேன். மறுநாள் பத்து மணிக்குக் குழாய் உள்ளே போனது. அறிக்கையில் ‘லேசான இரைப்பை அழற்சி’ என்று எழுதி, அமிலத்தைக் குறைக்கும் பான்டாப்ரசோல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அறிக்கையைக் கோப்பில் செருகி வைத்துவிட்டேன். அதை விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை; கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பதினான்கு மாதங்களுக்குப் பிறகு, எடை 68 கிலோவிலிருந்து 57க்கு இறங்கிய நிலையில், வேறொரு மருத்துவரிடம் போகும்போது கோப்பை எடுத்துப் போனேன். அவர் எழுத்தைப் படிக்கவில்லை. முதலில் அறிக்கையின் கீழே இருந்த நான்கு வண்ணப் படங்களைப் பார்த்தார். மூன்றாவது படத்தின்மேல் பேனாவின் நுனியை வைத்து, ‘இது என்ன?’ என்றார். இளஞ்சிவப்பான இரைப்பைச் சுவரின் அடியில், கலங்கிய நீரில், பச்சையாகச் சில துணுக்குகள் கிடந்தன. ‘முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?’ பீன்ஸ் பொரியல். பதினான்கு மணி நேரம் கழித்தும் அது அங்கேயே இருந்திருக்கிறது. ‘உணவு மிச்சம் காணப்பட்டது’ என்ற வரி எழுத்திலும் இருந்தது, ஏழாவது வரியாக. வயிற்றைக் காலியாக வைத்திருந்த ஒருவனின் இரைப்பையில் நேற்றைய பொரியல் கிடந்தால், அதுவே செய்தி, அழற்சி அன்று.

சர்க்கரை நோயால் வேகஸ் நரம்பும், இரைப்பையின் தாளத்தை வகுக்கும் செல்களும் பழுதுபட்டு வயிறு சோம்பிப்போவதற்கு காஸ்ட்ரோபரேசிஸ் என்று பெயர். சர்க்கரை நோயோடு சேர்த்து அந்தப் பெயரை 1958இல் கசாண்டர் என்ற அமெரிக்க மருத்துவர் சூட்டினார். அவர் எழுதியது, அறிகுறியே இல்லாமல் வயிற்றில் உணவு தேங்கிய நோயாளிகளைப் பற்றி. எனக்கோ அறிகுறிகள் வேண்டிய அளவு இருந்தன.

12 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்தவர்கள் எண்டோஸ்கோப்பி பயனற்றது என்று எண்ணிவிடக் கூடாது. புண், புற்றுநோய், வாயிற்கதவில் அடைப்பு ஆகியவை இல்லை என்று உறுதிசெய்யாமல் ‘மந்தமான வயிறு’ என்ற முடிவுக்கு எவரும் வர முடியாது. என் குறை அந்தக் குழாயின்மேல் அன்று. அது கண்டதை எவரும் படிக்காமல் விட்டதன்மேல். உங்கள் அறிக்கையின் எல்லா வரிகளையும் மருத்துவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

20 பிப்ரவரி

வயிறு எவ்வளவு நேரத்தில் காலியாகிறது என்பதை அளக்கும் சோதனை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மேலைநாடுகளில் இரண்டு முட்டை அளவு வெள்ளைக்கருவில் டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளை மிகச் சிறிதளவு கலந்து சமைத்து, இரண்டு துண்டு ரொட்டி, பழக்கூழ், தண்ணீரோடு உண்ணச் செய்து, முதல், இரண்டாம், நான்காம் மணிகளில் படமெடுக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்குப் பின் பத்து விழுக்காட்டுக்கு மேல் வயிற்றில் எஞ்சினால் தாமதம் என்று பொருள்.

எனக்கு இட்லி கொடுத்தார்கள். மாவிலேயே அந்தப் பொருளைக் கலந்து அவித்த இட்லி, சட்னி இல்லாமல். பத்து நிமிடத்தில் உண்டு முடிக்க வேண்டும் என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஒன்றரை இட்லியில் வயிறு நிறைந்துவிட, மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். நான்காம் மணிப் படத்தில் 31 விழுக்காடு அங்கேயே இருந்தது. வயிற்றின் வேகத்தை மாற்றும் மருந்துகளை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அன்று காலை ரத்தச் சர்க்கரையும் மிக உயர்ந்திருக்கக் கூடாது, ஏனென்றால் உயர்ந்த சர்க்கரையே வயிற்றை மந்தமாக்கிவிடும்.

2 மார்ச்

நேற்று ஒருவர் ‘இது உயிருக்கு ஆபத்தில்லாத தொல்லைதானே’ என்று எழுதியிருந்தார். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அப்படி அன்று. மயிலாடுதுறையில் என் தங்கை மகளின் திருமணத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

பந்தியில் இலை போட்டதும், எப்போதும்போல எழுந்து ஓரமாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பருப்பும் நெய்யும் விட்டு நான்கு வாய் உண்டிருப்பேன். விலா எலும்புக்குக் கீழே கல் வைத்ததுபோல இறுகியது. இலையில் சோறு மலைபோல இருக்கிறது. சம்பந்தி எதிரே வந்து நின்று, ‘என்ன மாமா, ஒண்ணுமே தொடலையே, சமையல் சரியில்லையா?’ என்கிறார். சமையல் மிக நன்றாக இருந்தது. அவர் மனம் நோகக் கூடாதே என்று இரண்டு வாய் சாம்பார் சோறு தள்ளினேன். அதற்குமேல் தொண்டை மறுத்தது. இலையை மூடலாம் என்று கையை நீட்டியபோது விரல்கள் இலையின் விளிம்பைப் பிடிக்கவில்லை. இரண்டு முறை நழுவியது. முதுகில் வேர்வை வழிந்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த என் மகன் பார்த்துவிட்டான். அங்கேயே விரலைக் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 54, ஆபத்தான தாழ்வு. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். இருபது நிமிடம் கழித்துத்தான் பேச்சு தெளிந்தது. மாலை நான்கு மணிக்கு அதே கருவி 312 காட்டியது.

ஊசி தன் நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. சோறுதான் குடலுக்கு வந்து சேரவில்லை. மருந்தின் வேகம் அடங்கிய பிறகு சோறு வந்து சேர்ந்தது. காரணம் தெரியாமல் ‘சர்க்கரை ஏறி இறங்குகிறது’ என்று மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்த மாதங்களை இப்போது நினைத்தாலும் எனக்குப் பதறுகிறது. மேலும், சர்க்கரை ஏறினால் வயிறு மந்தமாகிறது. வயிறு மந்தமானால் சர்க்கரை நிலைகொள்வதில்லை. ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் இந்தச் சுழலை ஒரு பக்கமாவது அறுக்க வேண்டும்.

3 மார்ச்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, இனி உண்டபின் ஊசி போடப்போவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். என் மருத்துவர் எனக்கு அப்படித்தான் மாற்றினார். ஆனால் என் இன்சுலின் வகையையும், இட்லிப் படத்தையும், மூன்று வாரக் குறிப்பேட்டையும் பார்த்த பிறகே மாற்றினார். நீங்களாக மாற்ற வேண்டாம்.

17 மார்ச்

இத்தனை நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாருடைய வயிற்றையும் என் நோயின் வழியாகவே பார்த்திருக்கிறேன் என்று தெரிகிறது. பிப்ரவரி நான்காம் தேதிக் குறிப்பில் ‘மேல்பகுதி தளராவிட்டால்’ என்று ஒரு வரியில் கடந்துபோனது பெரிய குறை. முன்கூட்டியே வயிறு நிறைகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணும் இராது, அடைப்பும் இராது, சர்க்கரை நோயும் இராது. சோதனைகள் எல்லாம் ‘நார்மல்’ என்று வரும். மருத்துவர்கள் அதை பங்ஷனல் டிஸ்பெப்சியா என்கிறார்கள். வழக்கமான அளவு உணவை முடிக்க முடியாமை, உண்டபின் நெடுநேரம் கனத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வாரத்தில் மூன்று நாளாவது இருந்து, கடந்த மூன்று மாதமாக நீடித்து, தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது வயிறு, குடல் தொல்லைகளுக்கு வல்லுநர்கள் வகுத்த ‘ரோம்’ வரையறையின், 2016இல் வெளியான நான்காம் பதிப்பில் உள்ள அளவுகோல். அவர்களில் கணிசமானவர்களுக்கு வயிறு சரியான வேகத்திலேயே காலியாகிறது. உணவு வரும்போது மேல்பகுதி விரிந்து கொடுக்காததே சிக்கல்.

‘நார்மல்’ என்று அறிக்கை வந்ததும் வீட்டார் ‘மனப்பிரமை’ என்று பேசுவது கொடுமை. விரியாத வயிறு கற்பனை அன்று. கவலையும் தூக்கமின்மையும் அதைக் கூட்டும் என்பது உண்மை. அதனால் வலி பொய்யாகிவிடாது.

வயது பற்றியும் ஒரு சொல். முதுமையில் இந்த விரிவு குறைகிறது. ஆகவே எழுபது வயதுத் தாயார் முன்னைவிடக் குறைவாக உண்பதில் வியப்பில்லை. ஆனால் எடை இறங்குவதற்கு வயதைக் காரணம் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

24 மார்ச்

இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. என் பெரியம்மாவுக்கு 61 வயதில் இரண்டு தோசைக்கு மேல் இறங்காமல் போயிற்று. வயிறு உப்பியது, புடவைக் கொசுவத்தை இறக்கிக் கட்டத் தொடங்கினார். ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், பிறகு ‘கேஸ்’ மாத்திரை என்று ஏழு மாதம் போனது. எல்லாரும் வயிற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஸ்கேன் எடுத்தபோது கருப்பையின் இருபுறமும் கட்டி. சூலகப் புற்றுநோய் வயிற்றுக்குள் பரவி நீர் கோத்திருந்தது.

ஐம்பதைக் கடந்த பெண்களுக்குப் புதிதாகத் தொடங்கும் முன்கூட்டிய நிறைவு, நீங்காத உப்புசம், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மாதத்தில் பன்னிரண்டு முறைக்கு மேல் வந்தால் சூலகத்தைச் சோதிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறி 2011 முதலே சொல்கிறது. ஒரு ரத்தச் சோதனையும் ஒரு ஸ்கேனும்தான். உங்கள் அம்மாவோ அத்தையோ ‘கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சிடுது’ என்று சொன்னால், தயவுசெய்து அவர்களைக் கஷாயத்தோடு விட்டுவிடாதீர்கள்.

14 ஏப்ரல்

என்ன உண்கிறீர்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். இன்று புத்தாண்டு விருந்தில் நான் உண்டதையே சொல்கிறேன்: அரைக் கிண்ணம் குழைந்த சோறு, தெளிந்த பருப்பு நீர், தோல் சீவி மசித்த பூசணிக்காய், வடையில் ஒரு விள்ளல். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் பாயசம், வடிகட்டி.

மூன்று வேளையை ஆறாகப் பிரித்தேன். உண்ணும்போது தண்ணீர் குடிப்பதில்லை. இருக்கிற சிறிய இடத்தைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாது. நெய்யும் எண்ணெயும் வயிற்றைத் தாமதப்படுத்தும் என்பதால் பூரியை விட்டுவிட்டேன். இட்லியோடு எண்ணெய்ப் பொடி இல்லை. முருங்கைக்காய், வாழைத்தண்டு, கீரைக் காம்பு, ஆரஞ்சுச் சக்கை ஆகியவற்றை வீட்டில் எனக்குப் போடுவதில்லை. முருங்கைக்காயை விட்டதுதான் வருத்தம். சாம்பாரில் அதன் சாறு மட்டும் எனக்கு. காய்களை மிக்ஸியில் அரைத்துவிட்டால் வயிறு அரைக்க வேண்டிய வேலை பாதி முடிந்துவிடுகிறது. எதுவும் இறங்காத நாட்களில் கஞ்சி. திடப்பொருள் அடைபடும் வயிற்றிலும் நீர்மம் பெரும்பாலும் வழிந்து போய்விடும். என் எடையைத் திரும்ப 63 கிலோவுக்குக் கொண்டுவந்தது நொய்யரிசிக் கஞ்சியும் பயற்றம்பருப்பும்தான்.

1822இல் துப்பாக்கிக் குண்டு பட்டு, இரைப்பையில் மூடாத துளையோடு பிழைத்த அலெக்சிஸ் செயிண்ட் மார்ட்டின் என்பவரின் வயிற்றுக்குள் நூலில் கட்டிய உணவை இறக்கி இறக்கி, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று குறித்தார் வில்லியம் போமான்ட் என்ற அமெரிக்க மருத்துவர். 1833இல் அவர் வெளியிட்ட அட்டவணையில் வேகவைத்த அரிசிக்கு ஒரு மணி நேரம், வாட்டிய பன்றியிறைச்சிக்கு ஐந்தேகால் மணி நேரம். கஞ்சியை எனக்கு முதலில் பரிந்துரைத்த என் மனைவி இந்த அட்டவணையைப் பார்த்ததில்லை.

19 ஏப்ரல்

மருந்துகள் பற்றி, சுருக்கமாக. டாம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைடு இரண்டும் வயிற்றை உந்தும், எனக்கு உதவின. ஆனால் அவற்றை மிட்டாய்போல ஆண்டுக்கணக்கில் போடக் கூடாது. முன்னது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம் என்பதால் 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. பின்னது முகத்திலும் நாக்கிலும் கட்டுக்கடங்காத அசைவுகளை நிலையாக உண்டாக்கக்கூடும் என்று 2009இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை சேர்த்தார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. செமாகுளூடைடு, லிராகுளூடைடு போன்ற சர்க்கரை, எடைக் குறைப்பு மருந்துகள் வயிற்றை வேண்டுமென்றே தாமதப்படுத்துபவை. வலிக்குத் தரும் அபின் வகை மாத்திரைகளும் அப்படியே. உங்கள் நிறைவு எந்த மாதத்தில் தொடங்கியது, அதற்கு முன் எந்தப் புதிய மாத்திரை வீட்டுக்குள் வந்தது என்று பாருங்கள். அறுவை சிகிச்சை என்றால், வயிற்றைத் தாமதப்படுத்தும் இம்மருந்துகளைப் போடுவதை மயக்க மருந்து தரும் மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும்.

28 ஏப்ரல்

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார். மார்ச் முதல் வாரம் எண்டோஸ்கோப்பி ஆயிற்றாம். சிறுகுடலின் வாயிலில் புண், அதைச் சுற்றி வீக்கத்தால் வழி குறுகியிருக்கிறது; வயிற்றில் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருந்திருக்கிறது. முழங்கால் வலிக்காக ஓராண்டாகத் தினமும் வலி மாத்திரை போட்டிருக்கிறார்.

இவ்வளவு எழுதிய நான் அவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. ஒன்பது நாள் முன்பு மருந்துகளைப் பற்றி எழுதும்போதுகூட வயிற்றை மெதுவாக்கும் மருந்துகளைச் சொன்னேனே தவிர, வயிற்றைப் புண்ணாக்கும் வலி மாத்திரைகளைச் சொல்லவில்லை. அக்குறிப்பில் அதுவே முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கிருமியை 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டுபிடித்தபோது, அமில வயிற்றில் கிருமி வாழாது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்து நோயுற்றுக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இரண்டு வார மருந்தில் அது தீர்கிறது. நண்பர் மருந்தை முடித்துவிட்டார், வலி மாத்திரையை நிறுத்திவிட்டார், மூன்றாவது இட்லி இறங்குகிறது, ஒரு கிலோ ஏறியிருக்கிறார். மிகுந்த மகிழ்ச்சி.

நண்பரே, ஒன்று பாக்கி இருக்கிறது. கிருமி ஒழிந்ததா என்று மூச்சுச் சோதனையில் பார்க்க வேண்டும். கிருமிக்கான மருந்து முடிந்து நான்கு வாரமும், அமில மாத்திரை நிறுத்தி இரண்டு வாரமும் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கும் கிருமியும் இல்லை என்றே காட்டும். உங்களுக்குப் புண் இருந்ததால் அமில மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.